துளித்துளியாய் ஒழுகும் எண்ணெய்

சிறு துளி பெரு வெள்ளம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். துளி வந்து சேருகிற இடத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. துளி விட்டுப் பிரிகிற இடத்தில் நின்று பார்த்தால், அதே சிறு துளி பெரு வறட்சியாகவும் முடியும். இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய மோட்டார்க் கார். அந்தப் பாடத்தை இன்று மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் 1978-ஆம் ஆண்டில் ஓர் அம்பாஸிடர் காரை வாங்கினார். அவர் காலத்துக்குப் பின் அது என் பொறுப்பில் வந்தது. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் ஓடிய காரை மூலமாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி அம்பாஸிடர். 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. என் காரில் இருப்பது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய பெட்ரோல் இயந்திரம். எளிய அமைப்பு; திறந்து பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படும். கற்க விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

2020-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் நோய்த்தொற்றுக் காலத்தில் அந்தக் கார் கொட்டகையிலேயே நின்றது. 2022 கோடையில் மதுரையிலிருந்து குடும்பத்துடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, கார் நிற்கும் தரையில் கரும்பொட்டுகள் விழுவதைக் கண்டிருந்தேன். பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது என் முதல் தவறு.

வத்தலக்குண்டைக் கடந்து மலைப் பாதையில் ஏறத் தொடங்கினோம். ஒரு வளைவில் திரும்பியபோது, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. அடுத்த வளைவிலும் அவ்வாறே மினுங்கியது. உடனே வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தினேன். எண்ணெயின் அளவு பார்க்கும் கோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தேன். கோலின் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார். தம்மிடமிருந்த எண்ணெய்க் குவளையைக் கொடுத்துவிட்டு, "ஐயா, விளக்கு எரிந்ததும் நிறுத்தினீர்களே, அதுவே இயந்திரத்தைக் காப்பாற்றியது. இன்னும் இரண்டு மைல் ஓட்டியிருந்தால் உள்ளே எல்லாம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும்" என்றார். கொடைக்கானல் பயணம் அங்கேயே முடிந்தது. எண்ணெயை ஊற்றிக்கொண்டு மெதுவாக மதுரைக்குத் திரும்பினோம்.

அவர் சொன்னதன் பொருள் என்ன? மோட்டார் இயந்திரம் நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வெடிக்கின்றன. அதாவது நிமிஷத்துக்கு ஆறாயிரம் வெடிப்புகள், நொடிக்கு நூறு. அந்த விசையையெல்லாம் தாங்குகிற வளைதண்டு, அதன் தாங்கிகளின்மேல் நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே தலைமயிரினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தண்டு அதன்மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு பம்ப்பு எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்துடன் எல்லா இடங்களுக்கும் அனுப்புகிறது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால், வளைவில் திரும்பும்போது மிச்சமுள்ளதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்போது பம்ப்பின் வாய் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், விளக்கு மினுங்கும். படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். பிறகு இயந்திரம் நிலைப்பதற்கு நிமிஷக் கணக்குத்தான்.

நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுவது பெரிய சங்கதியா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷங்கள். ஆகவே 1,440 சொட்டுகள். முப்பது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று தோராயமாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 48 மில்லிலிட்டர். முப்பது நாளில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். தொட்டி கொள்வதே சுமார் நான்கு லிட்டர்தான். கண்ணெதிரில் விழும் ஒரு பொட்டு, ஒரு மாதத்தில் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது.

மதுரைக்குத் திரும்பியதும் ஒரு பணிமனையில் காரைக் காட்டினேன். அடியில் குனிந்து பார்த்தவர்கள், இயந்திரமும் கியர்ப் பெட்டியும் சேருமிடத்திலிருந்து சொட்டுவதைச் சுட்டிக்காட்டினார்கள். இயந்திரத்தை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கக்கூடியதாக இருந்தது. அவ்வளவு செலவழிப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று வீட்டில் பேச்சு எழுந்தது. தந்தையார் கையால் துடைத்து வைத்திருந்த வண்டி அது. எனக்கு மனம் வரவில்லை.

என் தம்பி மகன் இயந்திரவியல் படிக்கும் மாணவன். விடுமுறைக்கு வந்திருந்த அவன், "பெரியப்பா, நாமே பார்ப்போமே" என்றான். இருவரும் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் எண்ணெய் தெரிந்ததோ அங்கெல்லாம் மரைகளை இறுக்கினோம். இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது எங்கள் எண்ணம். மறுநாள் முன்னிலும் அதிகமாக ஒழுகியது! இது என் இரண்டாம் தவறு.

எங்கள் தெருக்கோடியில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வகைக் கார்களைப் பழுதுபார்த்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இயந்திரத்தைக் கழுவினீர்களா?" இல்லை என்றேன். "அழுக்கு முகத்தில் காயத்தைத் தேடினால் எப்படித் தெரியும்? முதலில் கழுவிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

எண்ணெய்க் கசிவைத் தேடுகிறவன் மறக்கக்கூடாத ஒரு விதி உண்டு. எண்ணெய் சொட்டும் இடம் வேறு. அது புறப்படும் இடம் வேறு. மேலே கசியும் எண்ணெய் இயந்திரத்தின் உடலில் வழிந்து கீழே இறங்குகிறது. வண்டி ஓடும்போது முன்னாலுள்ள விசிறியின் காற்றும், எதிர்க்காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. ஆகவே எங்கிருந்து கசிந்தாலும் அது கடைசியில் வந்து தொங்குவது, இயந்திரத்தின் பின்புறத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில்தான். வீட்டுச் சுவரில் ஈரம் தெரிந்தால் ஓட்டையைக் கூரையில் தேடுகிறோம் அல்லவா? அதுபோலவே, ஈரமான பகுதியில் எது மிக உயரத்திலும், மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரப் பகுதிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினோம். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பல ஆண்டுக் கரியைத் தேய்த்து எடுத்தோம். மண்ணெண்ணெய் தீப்பற்றும் பொருள். ஆகையால் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்தோம். பிறகு துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை அடியோடு போகும்வரை உலரவிட்டோம். உலர்ந்த உலோகத்தின்மேல் முகத்துக்குப் பூசும் வெண்பொடியைத் தூவினோம். எண்ணெய் ஊறும் இடத்தில் அந்தப் பொடி நனைந்து கறுத்துவிடும். தரையில் ஒரு பெரிய அட்டையை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டோம். எந்தச் சொட்டு எந்தப் பகுதிக்கு நேர்கீழே விழுகிறது என்று இதனால் அறியலாம். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கின் ஒளியில் அதன் தடத்தைப் பார்க்கும் முறையும் இப்போது உண்டு. எங்களுக்கு வெண்பொடியே போதுமானதாக இருந்தது.

அட்டையில் விழுந்த பொட்டுகளைக் கொண்டு, ஒழுகுவது எது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இயந்திர எண்ணெய் பழகப் பழகக் கறுக்கும். பின்னச்சுப் பெட்டியின் எண்ணெய் கெட்டியாக, காட்டமான வாடையுடன் இருக்கும். பிரேக் திரவம் நீர்போல மெலிந்து, வண்ணப்பூச்சைக் கரைக்கும். பிரேக் திரவம் ஒழுகினால் வண்டியை ஓட்டவே கூடாது. எங்கள் அட்டையில் விழுந்தது கறுத்த இயந்திர எண்ணெயே.

கால் மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தோம். மேலேயுள்ள வால்வு மூடியின் பின்மூலையில் பொடி நனைந்திருந்தது. பக்கவாட்டில், புகைக்குழாய்க்கு அடியில் மறைந்திருக்கும் இரண்டு தகட்டு மூடிகளின் ஓரத்தில் நனைந்திருந்தது. கியர்ப் பெட்டி சேருமிடத்திலும் ஈரம் இருந்தது. ஓர் இடத்தில் கசிவைத் தேடியவர்களுக்கு மூன்று இடங்கள் கிடைத்தன! முதியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் சிரித்தார். "ஒரு வீட்டில் ஒரு கதவு திறந்திருந்தால் கதவைப் பாருங்கள். எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால், உள்ளேயிருந்து தள்ளுவது யார் என்று பாருங்கள்" என்றார்.

உள்ளேயிருந்து தள்ளுவது யார்? இதுதான் இந்தப் பேச்சின் நடுவான செய்தி. சிலிண்டருக்குள் எரியும் வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றின் ஓரமாக நழுவி, வளைதண்டு சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். புதிய இயந்திரத்தில் இது குறைவு, பழையதில் அதிகம். இறங்கிய வாயு வெளியேற வழி வேண்டும். அதற்கென்று இயந்திரத்துக்கு மூக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் காரில் வால்வு மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு ரப்பர்க் குழாய் போகிறது. பக்க மூடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு இரும்புக் குழாய் இறங்குகிறது. மூக்கு அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எண்ணெயை எல்லா இடுக்குகளின் வழியாகவும் வெளியே பிதுக்கும்.

முதியவர் ஓர் எளிய சோதனை செய்து காட்டினார். இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, விசிறியின் பக்கம் போகாதபடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை அந்த வாயில் கட்டினார். பை சில நொடிகளில் பலூன்போல் விம்மி நின்றது. மூக்கு திறந்திருந்தால் அது லேசாக உப்பிச் சுருங்கிக்கொண்டிருக்குமே தவிர, இவ்வாறு விறைத்து நிற்காது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு குழாய்களையும் கழற்றினோம். ரப்பர்க் குழாய் வெப்பத்தில் இளகி, உட்புறம் ஒட்டிப்போயிருந்தது. இரும்புக் குழாயின் அடிவாயை என்ன அடைத்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு குளவிக் கூடு! இரண்டாண்டுகள் கொட்டகையில் அசையாமல் நின்ற காரில், காலி வீடு கிடைத்ததென்று குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருக்கிறது. அதன்மேல் எண்ணெய்க் கசடும் சேர்ந்து கல்லாகியிருந்தது. இயந்திரத்தை இறக்கி, இரண்டு மாத ஓய்வூதியத்தைச் செலவழித்திருந்தாலும், அந்தக் கூடு அங்கேயே இருந்திருக்கும். கசிவும் திரும்ப வந்திருக்கும். குற்றம் காரைச் செய்தவர்களுடையதன்று. நிறுத்தி வைத்ததை எடுத்து ஓட்டும்முன் சோதிக்காத என்னுடையது.

பிறகு பழுதுபார்த்தல் எளிதாயிற்று. இரும்புக் குழாயைக் குத்திக் கழுவினோம். ரப்பர்க் குழாயைப் புதிதாக மாற்றினோம். மேல்மூடிக்கும் பக்க மூடிகளுக்கும் தக்கையால் செய்த கேஸ்கெட்டுகள் உண்டு. பழைய கேஸ்கெட்டுகள் காய்ந்து, அப்பளம்போல் நொறுங்கின. நாங்கள் ஸ்பானரால் இறுக்கியது அவற்றை மேலும் நசுக்கிப் பிளந்துவிட்டிருந்தது. மெல்லிய தகட்டு மூடிகளும் மரையைச் சுற்றிக் குழிந்து, ஓரம் வளைந்திருந்தன. இறுக்கியபின் கசிவு ஏன் அதிகமாயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது. தக்கை மிருதுவானது. அது பரவி அமர்வதற்கு அளவான அழுத்தம் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் நசுங்கி வெளியே பிதுங்கிவிடும்.

வளைந்த மூடிகளைச் சமமான பலகையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கினோம். ஒட்டியிருந்த பழைய துணுக்குகளைச் சுரண்டி எடுத்தோம். துணுக்கு உள்ளே விழாதபடி வாயில் துணியை அடைத்து வைத்து, வேலை முடிந்ததும் மறவாமல் எடுத்துவிட்டோம். புதிய கேஸ்கெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஷெல்லாக் பசையை மெல்லியதாகத் தடவி, மூடியில் ஒட்டிப் பொருத்தினோம். மரைகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கினோம்.

தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகுக்கு ஒரு செப்பு வளையம் உண்டு. செம்பு நசுங்க நசுங்கக் கடினமாகும். கடினமானால் இடுக்கை அடைக்காது. புது வளையம் கிடைக்காதபோது, பழையதைத் தழலில் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகிவிடும் என்று முதியவர் செய்து காட்டினார். உலோகவியலில் பக்கம் பக்கமாகப் படித்ததை என் தம்பி மகன் அன்று ஐந்து நிமிஷத்தில் கண்ணால் கண்டான்.

இனி, பின்புறத்துக் கசிவு. பணிமனையில் பழி சுமத்தப்பட்டது அந்த இடந்தான். இவ்வகை இயந்திரத்தில் வளைதண்டின் பின்முனையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் அடைப்பு இல்லை. அதற்குப் பதிலாக, தண்டின்மேல் திருகுமரைபோன்ற ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்த மரை, வெளியே வர முயலும் எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பிவிடும். உராய்வதற்கு ஒன்றுமில்லை, தேய்வதற்கும் ஒன்றுமில்லை. வெகு சாமர்த்தியமான ஏற்பாடு! ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. மரைக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே தீரும். உள்ளே அழுத்தம் ஏறினால், அந்த இடைவெளி வழியாக எண்ணெய் பிதுங்கும். தொட்டியில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் இத்தகைய கசிவு நேரும். மூக்கடைப்பை நீக்கியவுடனே பின்புறக் கசிவு பெரும்பாலும் தானாகவே நின்றுவிட்டது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். வேலை முடிந்தபின் ஒரு வாரம் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தோம். காலையில் இரண்டு மூன்று பொட்டுகள் மட்டும் தென்பட்டன. முதியவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதை அதன் இயல்பென்று விட்டுவிடுங்கள். வாரந்தோறும் கோலை எடுத்து அளவு பாருங்கள். பொட்டுகள் கூடினால் வந்து சொல்லுங்கள்" என்றார். எதைத் திருத்த வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பகுத்தறிவதும் தொழில் அறிவின் ஒரு பகுதியே. ஒன்று சொல்லவேண்டும்: பின்புற எண்ணெய் கிளட்சில் படிந்து அது வழுக்கத் தொடங்கினாலோ, சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டிப் புகைந்தாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது செலவைப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்கத்தான் வேண்டும்.

உங்களில் சிலருக்கு இத்தகைய வேலையில் இறங்க ஆசை பிறக்கலாம். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் காரை இறக்கி நிறுத்திய பிறகே குனிய வேண்டும். வடித்தெடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அது நீரில் படலமாகப் பரவி, மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். டப்பாவில் மூடி வைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்புவோரிடம் சேர்த்துவிடுங்கள்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் அதே காரில் மீண்டும் மலை ஏறினோம். முன்பு விளக்கு மினுங்கிய வளைவு வந்தது. யாரும் பேசவில்லை; எல்லாருடைய கண்களும் அந்தச் சிறு விளக்கின்மேலேயே இருந்தன. அது எரியவில்லை. பின்னால் அமர்ந்திருந்த என் தம்பி மகன், "பெரியப்பா, குளவிக்கு வேறு வீடு கிடைத்திருக்கும் அல்லவா?" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

கழுவிப் பார், மேலிருந்து தேடு, தள்ளுவது யார் என்று கேள், அதன் பிறகே ஸ்பானரைக் கையில் எடு. ஒரு முதியவரிடம் நான் கற்றது இவ்வளவுதான். நாளை உங்கள் முன் ஓர் இயந்திரம் ஒழுகிக்கொண்டு நிற்கும்போது, இந்த வரிசை உங்கள் நினைவுக்கு வந்தால், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.